அவர் முகம், அவர் கையில்!

படம் எடுப்பவர் யார்? எடுக்கப்படுபவர் யார்?

கேள்விகள் சிறியவை. ஆனால் இந்த இரண்டுக்கும் விடை தேடிப் புறப்பட்டால், நாம் வாழும் சமுதாயத்தின் இலட்சணம் என்ன என்பது விளங்கிவிடும். கண்ணாடி, பார்ப்பவர் கையில் இருக்கிறது. காமிராவோ நெடுங்காலம் அடுத்தவர் கையில் இருந்தது. அடுத்தவர் கையில் இருக்கும்வரை, நம் முகம் நமக்குச் சொந்தமில்லை.

'ஆண்' என்று பிறப்புச் சான்றிலே எழுதப்பட்ட ஒருவர், 'நான் பெண்' என்கிறார். 'பெண்' என்று எழுதப்பட்ட இன்னொருவர், 'நான் ஆண்' என்கிறார். மூன்றாமவர், 'இந்த இரண்டு கட்டத்திலும் என்னை அடைக்காதீர்' என்கிறார். இவர்கள் தாம் விரும்பிய உடையில், தாம் விரும்பிய கோலத்தில், தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்ததை உலகின் முன் வைத்து, 'ஊர் சொன்ன உருவம் என்னுடையதன்று. இதோ, இதுதான் நான்' என்கிறார்கள்.

ஒரு கூட்டம் கொதிக்கிறது. 'இது மேனாட்டுச் சரக்கு' என்கிறார் ஒருவர். 'தன் முகத்தைத் தானே ரசிக்கும் வீண் விளையாட்டு' என்கிறார் இன்னொருவர். 'பண்பாடு பாழாகிறது' என்று கண்ணீர் வடிக்கிறார் மூன்றாமவர். மூவருக்கும் பதில் சொல்லவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அந்தப் பதிலைத் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை. தஞ்சைத் தரணியே போதும். என்றாலும், காமிராவின் கதையை முதலில் சொல்லிவிடுவோம்.

1839-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற இளைஞர் காமிராவைத் தம்மை நோக்கி நிறுத்தித் தம் படத்தைத் தாமே எடுத்துக்கொண்டார். ஆக, இந்தக் கருவி பிறந்தபோதே, மனிதன் அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டான். ஆனால் நம் நாட்டுக்கு அது எப்படி வந்தது? ஆளவந்தவன் கையில் வந்தது! 1858-இல் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் டிரைப் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோவிலைப் படமெடுத்தார். அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாய் எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அரிய வேலை; மறுக்கவில்லை. கல்லைப் படமெடுத்தால் கல்லுக்கு வலிக்காது. பிறகு மனிதரைப் படமெடுக்கத் தொடங்கினார்களே, அங்கேதான் வலி தொடங்கியது.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமெடுத்தார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளிவந்தன. படத்தில் நிற்பவர் பெயர் என்ன? அவர் என்ன நினைத்தார்? அது யாருக்கு வேண்டும்! 'இன்ன சாதியின் மாதிரி' என்ற அடிக்குறிப்பு போதுமென்று முடித்தார்கள்.

அதற்கும் முன்னே, 1871-இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு பகுதி, வட இந்தியாவிலே அரவாணிகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே எழுதப்பட்டது. பதிவேட்டில் பெயர் ஏறியவர் பெண்ணுடையில் தெருவிலே தென்பட்டால், இரண்டாண்டு வரை சிறை! சேலை கட்டியதற்குச் சிறை! திருடவில்லை, கொள்ளையடிக்கவில்லை, உடுத்தினார், அவ்வளவுதான். உடை என்பது வெறும் துணியென்று நினைத்திருப்போர் இந்தச் சட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். ஆட்சியாளனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, உடை ஒரு பிரகடனம் என்று. ஆகவேதான் பயந்தான்.

இனி, காமிராவைத் தன் கையில் எடுத்த ஒருவரைப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டு நாந்த் நகரில் 1894-இல் பிறந்தவர் லூசி ஷ்வோப். வளர்ந்ததும் தமக்குத் தாமே ஒரு பெயர் சூட்டிக்கொண்டார்: க்ளோத் கஹூன். 'க்ளோத்' என்பது அங்கே ஆணுக்கும் வழங்கும் பெயர், பெண்ணுக்கும் வழங்கும் பெயர். நம்மூரில் 'மணி' இல்லையா, 'முத்து' இல்லையா, அதுபோல. கஹூன் தம்மைத் தாமே படமெடுத்தார். தலையை மழித்துக்கொண்டு ஒரு படம். ஆணுடையில் ஒரு படம். பொம்மைபோல் ஒப்பனை செய்துகொண்டு ஒரு படம். 'எந்தக் கட்டத்தில் என்னை வைப்பீர்?' என்று ஒவ்வொரு படமும் பார்ப்பவரைத் திருப்பிக் கேட்டது.

இது பொழுதுபோக்கு என்பீர்களா? மேலே கேளுங்கள். கஹூனும் அவருடைய வாழ்க்கைத் துணை மார்செல் மூரும் 1937-இல் ஜெர்சித் தீவில் குடியேறினர். 1940-இல் இட்லரின் படை அந்தத் தீவைப் பிடித்தது. இருவரும் என்ன செய்தனர்? ஜெர்மன் மொழியில் துண்டறிக்கை எழுதினர். 'பெயரில்லாப் படைவீரன்' என்று ஒப்பமிட்டனர். படைவீரர்களின் சட்டைப் பையிலே, சிகரெட்டுப் பெட்டியிலே யாரும் அறியாமல் செருகினர். 'உங்கள் போர் தோற்கும்' என்று எதிரியின் படைக்குள்ளேயே ஐயத்தை விதைத்தனர். 1944-இல் கைதாயினர், மரண தண்டனை விதிக்கப்பட்டது, தண்டனை நிறைவேறாமலே, 1945-இல் தீவு விடுதலை பெற்றபோது வெளியே வந்தனர். அவர்களுடைய படங்களில் ஒரு பகுதியை நாஜிகள் அழித்துவிட்டனர். கஹூன் 1954-இல் மறைந்தார். உலகம் அவருடைய படங்களின் அருமையை உணர மேலும் பல்லாண்டுகள் ஆயின.

தன் முகத்தைத் தானே வரையறுத்துக்கொண்டவருக்கு, சர்வாதிகாரியின் முகத்திலே உமிழும் துணிவும் வந்தது. வீண் விளையாட்டு என்போருக்கு இதுவே முதல் பதில்.

'அது பிரான்சு! அங்கே நடக்கும், இங்கே எதற்கு?' என்பார்கள். இங்கே நடக்காததா?

காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவிலே பேடிக்கோலம் பூண்டு ஆடியவரையும், அவரைச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தையும் மணிமேகலை காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலில் பேடும் ஒன்று. தொல்காப்பியர் சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும்போது, ஆண்மை திரிந்த பெயரைச் சுட்டி, அதை உயர்திணையிலே வைத்துத்தான் பேசினார். மனிதராய் வைத்துப் பேசினார்! இத்தனைக்கும் பின்னே வந்து, 'மேனாட்டுச் சரக்கு' என்று கூறுவது அறியாமையா, அறிந்தே செய்யும் புரட்டா?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவில் சுவரிலே, ஒரு பாதி ஆண், மறு பாதி பெண் என்று நிற்கிறது அர்த்தநாரி. கல்லிலே கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பேருந்து நிலையத்திலே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்! தஞ்சை மாவட்டத்து மெலட்டூரிலே ஆண்டுதோறும் பாகவத மேளா நடக்கிறது. வைதீகக் குடும்பத்து ஆடவர்களே பெண் வேடம் பூண்டு, சேலை கட்டி, பூச்சூடி, விடிய விடிய நடிக்கிறார்கள். 'ஆகா, பக்தி! ஆகா, கலை!' என்கிறது உலகம். நாமும் கலையைக் குறைசொல்லவில்லை. அவ்வை வேடத்தில் வாழ்ந்து காட்டியதாலே டி.கே. சண்முகம் 'அவ்வை சண்முகம்' ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். 1935-இல் வந்த திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். குடந்தையில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்தினார். ஆண் வேடத்தையும் பெண்களே ஏற்றனர்.

நாம் கேட்பது ஒன்றுதான். மேடையிலே ஓர் இரவு பெண்ணானால் கலை. வீதியிலே வாழ்நாள் முழுதும் பெண்ணானால் களங்கமா? வேடத்துக்கு மாலை, வாழ்க்கைக்குக் கல்லடியா? பொய்யாக இருக்கும்வரை போற்றுவீர், மெய் என்றதும் தூற்றுவீர் என்றால், நீங்கள் காப்பது பண்பாட்டை அல்ல, பாசாங்கை!

இந்தக் காவிரிப் படுகையிலேயே, பாசாங்கில்லாமல் வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. மணலூர் மணியம்மை. நம் அன்னை மணியம்மையார் வேறு, இவர் வேறு. இவர் பொதுவுடைமைக் கட்சிக்காரர். கட்சி வேறானால் என்ன? கொண்ட உறுதிக்கு நாம் தலைவணங்குகிறோம்.

பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே கைம்பெண்ணானார். கைம்பெண்ணுக்கு அந்நாளைய சமுதாயம் எழுதிவைத்திருந்த கோலம் என்ன? மழித்த தலை, வெள்ளைச் சேலை, அடுக்களை மூலை. மணியம்மை என்ன செய்தார்? தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டார்! சேலையை விட்டார், வேட்டி கட்டினார், சட்டை அணிந்தார், தோளிலே துண்டு போட்டார். சிலம்பம் பயின்றார். அக்கிரகாரத்தை விட்டுச் சேரிக்கு நடந்தார். சவுக்கடியும் சாணிப்பாலும் கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட நாள் அது. அந்தப் பண்ணையாட்களைத் திரட்டி, மிராசுதார்களை எதிர்த்து நின்றார். சிறை சென்றார். 1953-இல் மான் முட்டி மாண்டார். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலில் அவர் வாழ்வைப் பதித்து வைத்தார்.

அவரை இன்றைய சொல் எதனாலும் நாம் அழைக்கப் போவதில்லை. தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவருடையது. மாண்டவர்மீது பெயரொட்டுவது நம் வேலையன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரான்சிலே கஹூன் தலையை மழித்தார். இங்கே கைம்பெண்ணின் தலையைச் சமுதாயம் மழித்தது. இரண்டும் மழித்த தலைதான். ஒன்று விடுதலை, மற்றொன்று விலங்கு. வேறுபாடு எங்கே? முடியிலா? இல்லை, கத்தி பிடித்த கையிலே! தன் கை பிடித்தால் உரிமை. பிறன் கை பிடித்தால் அடிமைத்தனம். காமிராவுக்கும் இதே கணக்குத்தான். மணலூர் மணியம்மையின் வேட்டியும் கிராப்பும், காமிரா இல்லாமலே அவர் தமக்குத் தாமே எடுத்துக்கொண்ட படம்.

தந்தை பெரியார் சொன்னதும் இதுதானே! பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி உடை இருக்கலாம், ஆணா பெண்ணா என்று காட்டாத பெயர்களை வைக்கலாம் என்று அவர் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. அவர் சொன்னது சிகை அலங்காரமா? உடம்பு யாருடையதோ, முடிவும் அவருடையது என்கிற தத்துவம்! அந்தத் தத்துவத்தின் வழியிலேதான் 2008 ஏப்ரல் 15 அன்று, கலைஞர் ஆட்சியிலே, இவர்களுக்கென்று நலவாரியம் அமைந்தது. இழிசொற்களே வழங்கிய நாட்டிலே 'திருநங்கை' என்ற சொல்லை அவர் வீடுதோறும் கொண்டுசேர்த்தார். ஆறாண்டு கழித்து, 2014-இல் அதே ஏப்ரல் 15 அன்று, தன் பாலினம் எது என்று கூறும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்துவிட்டால் போதுமா? மறு ஆண்டே என்ன நடந்தது? சேலத்திலே வளர்ந்த பிரித்திகா யாஷினி, காவல் உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்திலே அவருக்கென்று கட்டமே இல்லை; ஆகவே தள்ளுபடி! படிவத்தில் கட்டம் இல்லாததற்காக ஒரு மனிதரே இல்லை என்று முடிவுகட்டினார்கள். அவர் உயர் நீதிமன்றம் ஏறினார். 2015-இல் வென்றார், 2017-இல் காக்கிச் சட்டை அணிந்தார். அந்தச் சீருடையில் அவர் நிற்கும் படம், ஆயிரம் சொற்பொழிவுக்குச் சமம்.

தஞ்சைக்கு மறுபடி வருவோம். தஞ்சை நால்வரின் வழித்தோன்றல் கே.பி. கிட்டப்பா பிள்ளை. மதுரையிலிருந்து அவரை நாடி வந்தவர், வீடு ஏற்காத, ஊர் ஏசிய ஒரு திருநங்கை. ஆசிரியர் ஏற்றார். பதினைந்தாண்டுக் காலம் கற்பித்தார். 'நர்த்தகி' என்று பெயரும் சூட்டினார். அந்த நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். திருநங்கையருள் அவ்விருதை முதன்முதல் பெற்றவர். 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினராக அமர்த்தப்பட்டார். எதனால் இது நிகழ்ந்தது? அவர் காட்ட விரும்பிய முகத்தை, ஒரு தஞ்சாவூர் ஆசிரியர் மறுக்காமல் பார்த்தார். அவ்வளவே! பார்க்கும் கண் ஒன்று கிடைத்தால், ஒரு வாழ்வு நிமிர்கிறது.

அந்தக் கண் கிடைக்காத எத்தனையோ பேர் நம் ஊர்களிலே இருக்கிறார்கள். அக்காள் திருமணப் படத்திலே அவர்களுக்கு இடமில்லை. வீட்டுச் சுவரிலே தாத்தா இருக்கிறார், பாட்டி இருக்கிறார், தம்பி பட்டம் வாங்கிய படம் இருக்கிறது. இவர்கள் படம் இருந்த இடத்திலே ஆணி மட்டும் இருக்கிறது! பத்திரிகைகளிலாவது இடமுண்டா? உண்டு, சித்திரையில் ஒரு நாள்! கூவாகத்திலே தாலி கட்டுவதையும் தாலி அறுப்பதையும் படமெடுக்கக் காமிராக்கள் படையெடுக்கின்றன. மறுநாள் ஏட்டிலே பளபளப்பான படம். அதற்கடுத்த நாள் மறதி. புகாரின் தெருவிலே சூழ்ந்து நின்ற அதே வேடிக்கைக் கூட்டம், இன்று லென்சோடு வந்து நிற்கிறது. மீதி 364 நாளும் இந்த மனிதர் எப்படி வாழ்கிறார், சமைக்கிறார், படிக்கிறார், கடனுக்கு அலைகிறார், காதலிக்கிறார் என்பதை யார் எடுப்பார்? அவர்களேதான் எடுக்க வேண்டும். எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மும்பையிலே இரயிலில் கையேந்தி நின்ற திருநங்கை சோயா தாமஸ் லோபோ, காமிரா வாங்கிப் பத்திரிகைப் படக்காரராகவே ஆகிவிட்டார்.

பெங்களூரின் கலைஞர் புஷ்பமாலா, 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்பவரோடு சேர்ந்து ஒரு படவரிசை செய்தார். தென்னிந்தியப் பெண்ணை யார் யார் எப்படியெல்லாம் படமாக்கினார்கள் என்பதைத் தாமே வேடம் பூண்டு காட்டினார். ரவிவர்மாவின் இலட்சுமியாக நின்றார். தர்ஸ்டன் காலத்து அளவுக் கட்டங்களுக்கு முன்னே அளக்கப்படும் பெண்ணாகவும் நின்றார். 'பெண் இப்படித்தான்' என்று சொல்லிவந்த ஒவ்வொரு படமும் யாரோ கட்டிய வேடம் என்பது அப்போது வெளிச்சமாயிற்று. தன்னுருவப் படத்தின் வேலை இதுதான். அழகைக் காட்டுவதல்ல; அளவுகோலைக் காட்டிக்கொடுப்பது.

இன்று கைப்பேசி வந்துவிட்டது. கூலி வேலை செய்பவரும் தம் முகத்தைத் தாமே எடுக்கலாம். நல்லது. ஆனால் ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது. எடுத்த படத்தைத் திருடிப் பரப்பி, மிரட்டிப் பணம் பறிக்கும் கயவரும் உண்டு. ஆகவே நாம் தெளிவாகச் சொல்கிறோம்: தம் படத்தைக் காட்டும் உரிமை எவ்வளவு பெரிதோ, காட்டாதிருக்கும் உரிமையும் அவ்வளவு பெரிது. 'நீ உன்னை நிரூபி' என்று எவரும் எவரையும் காமிரா முன்னே நிறுத்த முடியாது.

நாம் கேட்பவை அதிகமில்லை.

அலுவலகங்களிலே, அடையாள அட்டைக்கு ஒருவர் எந்தப் படத்தைத் தம் முகமென்று தருகிறாரோ, அதையே ஏற்க வேண்டும். 'பொட்டை அழித்துவிட்டு வா', 'சேலையை மாற்றிவிட்டு வா' என்று விரட்டும் வேலை எந்த மேசைக்கும் கொடுக்கப்படவில்லை.

பள்ளிகளிலே, முடி வளர்த்த மாணவனைப் பிடித்து வகுப்பின் நடுவே வெட்டிவிடும் வீரத்தை நிறுத்த வேண்டும். கத்தி பிடித்த கையைப் பற்றி மேலே சொன்னோம். அது ஆசிரியர் கைக்கும் பொருந்தும்.

தஞ்சையிலே தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது; தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. திருநங்கையர், திருநம்பியர், இந்த இரண்டு சொல்லிலும் அடங்காதார் தாமே எடுத்த படங்களை அந்தச் சுவர்களிலே மாட்டட்டும். எடுத்தவர் பெயரோடு மாட்டட்டும். பெயரில்லா 'மாதிரி'யாக அல்ல!

பெற்றோர்க்கு ஒரு சொல். அந்த ஆணி இன்னும் சுவரிலேதான் இருக்கிறது. பிள்ளை அனுப்பும் படத்தை எடுத்து அதிலே மாட்டுங்கள். ஊர் என்ன சொல்லும் என்கிறீர்களா? இரண்டு நாள் பேசும். மூன்றாம் நாள் அதற்கு வேறு பேச்சுக் கிடைக்கும். பிள்ளை கிடைக்குமா?

'என்ன சொல்லி அழைப்பது?' என்று குழம்புவோருக்குத் தமிழே வழி வைத்திருக்கிறது. ஆண், பெண் என்ற பேதம் பாராத சொல் நம்மிடம் உண்டு: 'அவர்'. மரியாதையும் அதிலே இருக்கிறது, மனிதமும் இருக்கிறது. பிற மொழியினர் இன்று புதிதாய்த் தேடும் சொல்லை, நாம் நாள்தோறும் நாவிலே வைத்திருக்கிறோம். வாயளவில் இருக்கும் அந்தப் பெருந்தன்மை வாழ்விலும் வரவேண்டாமா?

கல்லணைக்குப் போய்ப் பாருங்கள். வந்த நீர் ஒன்று. அங்கே காவிரியாகவும், வெண்ணாறாகவும், கொள்ளிடமாகவும், புதாறாகவும் பிரிந்து ஓடுகிறது. வெண்ணாற்று நீரைக் கண்டு, 'நீ காவிரியல்ல, திரும்பிப் போ' என்று சொன்ன உழவன் உண்டா? எந்த வாய்க்காலில் வந்தாலும் அந்த நீரில்தான் குறுவையும் விளைகிறது, சம்பாவும் விளைகிறது. தண்ணீரைப் பிரித்துப் பழிக்கத் தெரியாத தஞ்சைத் தரணி, தன் மக்களை மட்டும் ஏன் பிரித்துப் பழிக்க வேண்டும்?

காமிரா கை மாறிவிட்டது. இனி, காண்போரின் கண்ணும் மாறட்டும்!